முற்றத்து நெல்

வெயிலில் நெல் காயப்போட அனுமதி வாங்கணும்னு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

நேபாளத்துப் பக்தபூர்க் கோயில் முற்றத்தில் அப்படித்தான் ஆயிற்று. அறுப்பு நேரத்து மழையில் நனைந்த நெல்லைப் பாயில் கொட்டி, காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள் ஞானகேசரி. இருப்பது ஒரே வயல். வருஷத்துச் சோறும் அதுதான், அடுத்த விதையும் அதுதான்.

ஊரை அழகுபடுத்தும் கமிட்டியின் தலைவர் ஆசாகாஜி, காவலாளியோடு வந்து நின்றார். பக்கத்துத் தெருக்காரர்தான்.

"இனிமே இங்கே நெல்லு போடக் கூடாது அண்ணி. வெளிநாட்டுக்காரங்க வர்ற இடம். குப்பையா இருக்கு பாருங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

"நெல்லு குப்பையா தம்பி? அப்போ காலையில நீங்க எதைத் தின்னுட்டு வந்தீங்க?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. பாயைச் சுருட்டச் சொன்னார்.

உங்க வீட்டு முற்றத்தில் காயப்போட வேண்டியதுதானே என்றார். சுற்றிலும் நாலு மாடி எழும்பி நிற்கிற முற்றம் அது. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அது அவருக்கும் தெரியும், அவர் வீடும் அப்படித்தான். இன்னும் ரெண்டு வெயில் காட்டினால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தாள். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று நடந்துவிட்டார்.

ஈரநெல்லை மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் அடுக்கினாள். கையை உள்ளே விட்டால் சுட்டது. அப்புறம் புளித்த வாடை வந்தது. மார்கழிப் பௌர்ணமிக்குப் புதுநெல் மாவில் யோமரிக் கொழுக்கட்டை பிடித்துச் சாமிக்கு வைக்க வேண்டும். புருஷன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஆசாகாஜியே வாசலில் வந்து நின்றார். காவலாளி இல்லை. வாய் நிறையச் சிரிப்பு.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஒரு சின்ன உதவி அண்ணி."

முற்றத்தில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்களாம். ஆளுக்கொரு விளம்பரப் புத்தகம் கையில். கமிட்டி போட்ட புத்தகம். அதன் அட்டையில், போன வருஷத்து வெயிலில், காலால் நெல் கிளறிக்கொண்டு ஞானகேசரி. இதைப் பார்க்கத்தானே வந்தோம், எங்கே இந்த அம்மா, எங்கே நெல்லு என்று அவரைப் பிடுங்கி எடுக்கிறார்களாம்.

"அரைமணி நேரம் போதும். அந்தச் சிவப்புக்கரைக் கறுப்புச் சேலையைக் கட்டிக்கிட்டு, கொஞ்சம் நெல்லைக் கொட்டிக் கிளறுங்களேன். நம்ம ஊருக்கே அதுதானே பெருமை."

ஞானகேசரி உள்ளே போய் ஒரு மூட்டையை வாசல்வரை இழுத்து வந்து, அவர் காலடியில் வாயை அவிழ்த்தாள். வெள்ளை வெள்ளையாக முளை விட்டு, ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிக் கிடந்தது நெல். அடித்த வாடையில் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அவங்களை இங்கேயே கூட்டிக்கிட்டு வாங்க தம்பி. இதையும் படம் எடுத்துக்கச் சொல்லுங்க."