கண் அழுத்தம் பதினாலு

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் முற்றியதால் என் கண்ணில் புது லென்ஸ் வைத்தார்கள். யாரைப் பார்த்துக் கோபத்தில் கண் அழுத்தம் ஏறுகிறதோ, அவரை அது என் பார்வையிலிருந்து நிரந்தரமாக மறைத்துவிடும். முதல் வாரம் மருமகன் மறைந்தான். நான் புகார் சொல்லவில்லை. நேற்று, சொட்டு மருந்தை இட்லி மாவுக்குப் பின்னால் வைத்த மனைவி வடிவாம்பாளைத் திட்டினேன். பாதித் திட்டிலேயே மறைந்துவிட்டாள்.

இன்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கழட்டுய்யா இதை. நாப்பத்தெட்டு வருஷமா சண்டை போடுறோம். மூஞ்சியப் பாக்காம எப்படிச் சண்டை போடறது?"

"அழுத்தம் பதினாலு. அருமையா இருக்கு சார். கழட்டினா பார்வையே போயிடும்," என்று டாக்டர் சிரித்தார்.

அவரும் மறைந்தார்.

பக்கத்து நாற்காலியில் வடிவாம்பாள் அழும் சத்தம் கேட்டது. துடைத்துவிடலாம் என்று கன்னத்தைத் தேடினேன். விரல் அவள் கண்ணிலேயே குத்திவிட்டது.