ஆளுக்கொரு டிஸ்க்

மறைந்த மேடைப் பேச்சாளரின் உரைகளைக் காலத்தால் அழியாமல் காக்க, அவருடைய மூன்று பிள்ளைகளும் வீடியோக்களைச் சேமித்து டிவியில் ஓட்டும் ஒரு சர்வரை வீட்டிலேயே கட்டினார்கள். அதற்கென்று கடையில் விற்கும் பெட்டி கட்டுப்படியாகவில்லை. ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, ஆளுக்கொரு ஹார்டு டிஸ்க் போட்டார்கள். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். அம்மா தினமும் டிவியில் பார்ப்பாள். உரையை அல்ல; நடுவில் அவர் முன்வரிசைப் பக்கம் திரும்பி, அவளிடம் தண்ணீருக்குக் கை நீட்டும் இடத்தை.

ஒவ்வொரு உரைக்கும் முன்னால் ‘உருவாக்கம்’ என்று யார் பெயர் முதலில் வருவது என்பதில் சண்டை வந்தது. மூத்தவன் நன்மாறன் தன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தம்பி இளவழுதிக்குப் போன் செய்தான்.

“என்னடா, நின்னுபோச்சா?”

“இல்லண்ணே, ஜம்முனு ஓடுது.”

“நான் எடுத்துட்டு வந்துமா?”

“ஒண்ணு போனாலும் ஓடும்னு நீதானேண்ணே சொன்னே.”

அம்மா போனைப் பிடுங்கினாள்.

“அவன் கெடக்கான். நீ போனதுலேர்ந்து படமும் வரல, சத்தமும் வரல. வந்து மாட்டிக் குடுய்யா.”

சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

நன்மாறன் உடனே வந்து மாட்டினான். அப்பா திரையில் முழங்கினார்.

“பாத்தியாம்மா!”

“நீ இல்லாம ஆகுமா?”

திரும்ப மாட்டிய டிஸ்க்கில் எல்லாம் ஏறி முடிக்க விடிந்துவிடும். அதுவரை மற்ற இரண்டையும் அசைக்கக் கூடாது, ஒன்றைக் கழற்றினாலும் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவன் காபி குடிக்கப் போனான்.

இளவழுதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.