ஜூம் வேண்டாம்

ஜூம் வேண்டாம் என்று அவள் சொல்லியாயிற்று.

கேமராக் கடைக்காரர் காதில் வாங்கவில்லை. அவர் தவசிலிங்கம் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். கேமரா அவளுடையது. லென்ஸும் அவளுக்குத்தான். ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆம்பளை நின்றால் பதில் அங்கேதான் போகும்.

அண்ணன் ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவளுக்குக் கல்யாண ஆர்டர் தருகிறவர். நல்ல மனுஷர்தான். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம்.

கண்ணாடி மேசைமேல் இரண்டு லென்ஸ்கள்.

ஒன்று, சாண் நீள ஜூம். மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே மணப்பெண்ணின் மூக்குத்தியை எடுத்துவிடலாம்.

இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஐம்பது எம்.எம். லென்ஸ். கிட்டே தூரே இழுக்க முடியாது. முகம் வேண்டுமென்றால் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

இரண்டையும் மாட்டிப் பார்த்தார்கள். ஜூம் தானாக ஃபோகஸ் ஆனது. ஐம்பது கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் அசையவில்லை. பழைய மாடல், உள்ளே மோட்டார் இல்லை என்றார் கடைக்காரர். விலை கூடின கேமராவென்றால் கேமராவுக்குள்ளேயே மோட்டார் இருக்கும், அது லென்ஸைத் திருப்பிவிடும். இவளுடையது ஆரம்பக் கேமரா. அதில் அந்த வசதி கிடையாது. மோட்டார் வைத்த ஐம்பது அடுத்த மாதம்தான் வருமாம்.

கல்யாணம் இந்த ஞாயிற்றுக்கிழமை.

கையால் திருப்பிக்கொள்கிறேன் என்றாள். நீ திருப்பி முடிப்பதற்குள் தாலி ஏறிவிடும் என்று கடைக்காரர் சிரித்தார்.

மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு ஐம்பதுதான் நல்லது என்று அவள் ஒரு நியாயம் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

சொல்லவில்லை. காரணம் அது இல்லை.

அவள் புருஷன் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன கல்யாணத்தில், முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், யாரோ ஒருத்தி அதைத் துப்புத் துலக்கிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். தாலி கட்டும்போது இவள் எதிரே நிற்கலாமா என்று ஆளுக்கு ஆள் கூடிப் பேசி, மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். கேமராவை வாங்கிக்கொண்டு அண்ணன் மேலே போனார். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அவள் கெட்டிமேளம் கேட்டாள்.

அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அண்ணன் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வழிதான் இந்த ஜூம். பின்னால் நின்றால் யார் கண்ணிலும் படமாட்டாய், படமும் கிடைக்கும், பிழைப்பும் ஓடும் என்றார். கெஞ்சாத குறை.

"ஒளிஞ்சு நின்னு எடுக்க நான் என்ன திருடியாண்ணே?"

கடைக்காரர் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துப் பெண்ணின் அம்மா. அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மாறியது. போட்டோ எடுக்கிற பிள்ளையிடமே சொல்லுங்கள் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

அந்த அம்மாவுக்கும் புருஷன் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் நாசூக்காகச் சொல்லிவிட்டார்களாம். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கிறார்கள். இவர் பந்தி நடக்கிற கூடத்துக் கதவோரமாக நின்று பார்த்துக்கொள்வாராம். அதில் வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லையாம். தாலி ஏறுகிற நேரத்தில் தான் அங்கே நிற்பதை ஒரே ஒரு போட்டோ, யாருக்கும் தெரியாமல், எடுத்துத் தர முடியுமா?

அண்ணன் ஜூமை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜெயித்துவிட்டார்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். நல்ல லென்ஸ். மண்டபத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தக் கதவோரத்து முகத்தைப் பிடித்துவிடும். கண்ணீர் இருந்தால் அதையும் பிடிக்கும். அந்த அம்மா ஆயுசுக்கும் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். பெற்ற மகள் கல்யாணத்தில் கதவோரம் நின்றதை.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாமேல் இல்லை. வருத்தம் இல்லை என்று அவர் சொன்னாரே, அதன்மேல்.

ஜூமை வைத்தாள். ஐம்பதை எடுத்துக் கேமராவில் பொருத்தித் திருகினாள். டக்கென்று பிடித்தது.

"அம்மா, நான் வாங்குற லென்ஸ் அம்புட்டுத் தூரம் எடுக்காதும்மா. நீங்க மேடைக்கு வந்துருங்க."

"மாரீஸ்வரி," என்றார் அண்ணன், தணிந்த குரலில்.

அவள் திரும்பவில்லை. போனைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கும் வீட்டுக்காரர் இல்ல. நானும் மேடையிலதான் நிக்கப்போறேன்."

ஆர்டர் போயிற்று என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

அந்த அம்மா போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தாள். வைக்கவில்லை. எங்கேயோ கல்யாண வீட்டுச் சந்தடி. பிறகு ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்.

அந்த அம்மாவின் குரல் இப்போது கிசுகிசுப்பாக வந்தது.

"போட்டோவுக்கு என்ன கலர் சேலைம்மா எடுப்பா இருக்கும்?"