தாடைக்குக் கீழே

கம்பிவேலியின் நிழல் பட்டித் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. எழ முடியாமல் கிடக்கும் தாயாட்டின் கீழிமையை அக்கா கட்டைவிரலால் இழுத்துப் பார்க்கிறாள். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் தாளாக வெளுத்திருக்கிறது. "வயித்துப் புழு ரத்தத்தை எல்லாம் உறிஞ்சிடுச்சு. ஏன்டா, தாடைக்குக் கீழ வீங்கினது உன் கண்ணுல படவே இல்லையா?" தம்பியின் கண்ணில் பட்டது. நல்ல மேய்ச்சல், சதை பிடித்திருக்கிறது என்று போன வாரம் பக்கத்துப் பட்டிக்காரரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டான். "கொழுத்திருக்குன்னு நெனச்சேன்க்கா." அவன் கையில் இருக்கும் புழு மருந்துப் பாட்டிலின் மூடி இப்போதுதான் முதல்முறையாகத் திறந்திருக்கிறது. குட்டி வற்றிய மடியை முட்டிக்கொண்டே இருக்கிறது. அவன் எழுந்துபோய், அருகில் நிற்கும் ஆட்டின் தாடையை ஏந்துகிறான். அதற்கும் உள்ளங்கை நிறைய மெத்தென்று வீங்கியிருக்கிறது. தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்து, அடுத்த ஆடும் வந்து முகத்தை நீட்டுகிறது.