காய்ச்சலுக்கு மட்டும் லீவு

"ஓய்வா? அதை எந்தக் கடையில விக்கிறாங்க டாக்டரம்மா?"

பயிற்சியாளர் விளையாட்டு விடுதியின் மருத்துவ அறை வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வந்தால் பேச்சு நீளும் என்று அவருக்குத் தெரியும். விடுதியில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் 'இரும்பு' என்றுதான் சொல்வார்கள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஓட்டக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பருவத்தில் இது மூன்றாவது சளி. பந்தயம் நெருங்க நெருங்கப் பயிற்சி கூடும். கூடவே அவள் தொண்டையும் கட்டிக்கொள்ளும்.

"இவ ரத்தப் பரிசோதனையைப் பாருங்க சார். வெள்ளை அணு குறைஞ்சிருக்கு. வாயெல்லாம் புண்ணு. தூங்கி எழுந்தாலே நெஞ்சு படபடங்குது. ஓடிக் களைச்ச உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்க நேரம் வேணும். அப்பத்தான் நோயை எதிர்க்கிற தெம்பும் திரும்பி வரும். நீங்க அதுக்குள்ள அடுத்த விசிலை ஊதிடறீங்க. தேர்வு ஓட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, ஒரு வாரமாவது சும்மா விடுங்க."

"சும்மா விட்டா துருப்பிடிச்சுடும். என் மைதானத்துல களைப்புக்கெல்லாம் லீவு கிடையாது."

"காய்ச்சல் வந்தா?"

"அது வேற. ஒருத்திக்கு வந்தா விடுதி முழுக்க ஒட்டிக்கும். காய்ச்சல்காரி மைதானக் கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அது நான் போட்ட சட்டம்."

அவர் போனபிறகு டாக்டர் ஓட்டக்காரியைப் பார்த்தாள். ஓட்டக்காரி தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஓய்வு வேணாம் டாக்டர். இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டா அடுத்த வருஷம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. குழந்தையை நாத்தனார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். 'ஓடப் போனவ மூக்கைச் சிந்திக்கிட்டு வந்து நிக்கிறா'ன்னு அவ வாயால கேக்கணுமா?"

பயிற்சிக்கு முன் டாக்டர் தன் டிஜிட்டல் மெஷினில் எல்லோருக்கும் உடல் சூடு பார்ப்பது அங்கே வழக்கம். மறுநாள் காலை இரும்பு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தார்.

"உங்க மெஷின் வேணாம் டாக்டரம்மா. நேத்துப் பேசின பேச்சுக்கு, அதையும் உங்க பக்கம் பேசப் பழக்கியிருப்பீங்க."

தானே கழுவி, தானே நாலு உதறு உதறி, தானே ஓட்டக்காரியின் வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நூறு."

பிறகு ஓட்டக்காரியின் நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"நூறா!" இரும்பு கத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. "நேரம் பார்த்து வருது பாரு! போ, அறைக்குப் போ. என் கண்ணுல படாதே!"

அடுத்தடுத்த நாட்களிலும் அதே தெர்மாமீட்டர், அதே நூறு.

"எனக்கு உடம்பு சுடவே இல்ல சார்!"

"நீ சொன்னா நம்பணுமா, பாதரசம் சொன்னா நம்பணுமா?"

நடைபாதையில் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தாள். "ஏய் காய்ச்சல்காரி!" என்ற இரும்பின் குரல் மாடிப்படியில் கேட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். கீழே மைதானத்தில் மற்றவர்களுக்கான விசில். ஒவ்வொரு விசிலுக்கும் போர்வைக்குள் அவள் கால் ஒரு முறை துடித்தது. தன் உடம்பே தனக்கு விரோதி என்று தோன்றியது. அழுதாள். அழுகை சலித்தபின் தூங்கினாள். செய்ய வேறு வேலை இல்லாததால் மறுபடியும் தூங்கினாள். வாய்ப்புண் ஆறியதை அவள் கவனிக்கவே இல்லை.

ஒரு வாரம் போனபின், ஒரு காலையில் இரும்பு வெறுங்கையோடு வந்தார்.

"என்னோடதை எங்கேயோ வச்சுட்டேன். உங்க மெஷின்லயே பார்த்துத் தொலைங்க."

காய்ச்சல் இல்லை. அவள் மைதானத்தில் இறங்கினாள்.

தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் கால்கள் யாரோ கடன் கொடுத்தவை போல லேசாக இருந்தன.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் கதவைச் சாத்தினாள். இரும்பு மறந்து வைத்துவிட்டுப் போன தெர்மாமீட்டர் மேசையில் கிடந்தது. அதை ஒரு தம்ளர் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து நீட்டினாள்.

நூறு.

உதறினாள். அப்போதும் நூறு.

"உள்ள பாதரசம் சிக்கிக் கிடக்கு. முதல் நாளே உன் நெத்தி ஜில்லுன்னு இருந்துச்சு. மனுஷன் தன் பொருளாலேயே ஏமாறட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் ஓட்டக்காரிக்கு மனசு கேட்கவில்லை. மெஷினை நம்பாத மனுஷர், இதைப் போய் நம்பியிருக்கிறாரே.

"பாவம் டாக்டர். நானே போய்ச் சொல்லிடறேன்."

மைதானத்தில் இரும்பு, தடை தாண்டும் பெண் ஒருத்தியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன. பேச்சுக்கு நடுவே இருமினாள்.

"களைப்பா? இங்க அதுக்கெல்லாம் லீவு இல்ல, தெரியுமில்ல?" என்றவர், ஓட்டக்காரியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டார். "இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

குழாயில் கழுவினார். நாலு உதறு உதறினார். அந்தப் பெண்ணின் வாயில் வைத்தார்.

ஓட்டக்காரி அவர் காதருகே குனிந்தாள். "சார், அது கெட்டுப்போச்சு. பச்சைத் தண்ணிக்கே நூறு காட்டுது."

இரும்பு திரும்பவில்லை. உதடும் அவ்வளவாக அசையவில்லை. "மெதுவாப் பேசு. பல வருஷமா அது அப்படித்தான்."

பிறகு தெர்மாமீட்டரை உருவி, மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினார்:

"நூறு! நேரம் பார்த்து வருது பாரு! போ, என் கண்ணுல படாதே!"