நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கு

டேங்கை வழிய வழிய நிரப்பி, ஒரு வாரத்தில் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நிரப்பினாள் புருல்சா. பதினான்கு லிட்டர் பிடித்தது.

“ஒன்பதைத் தாண்டக் கூடாத வண்டி! இதை நான் விடப்போறதில்ல.”

“நம்ம நாரின் மலையூர்க் குளிருக்கு மனுஷனே ரெண்டு மடங்கு குடிக்கிறான், வண்டி குடிக்காதா?” என்று சிரித்தான் கணவன் அக்கில்பெக்.

அவள் டயருக்குக் காற்றடித்தாள். கூரைமேல் இருந்த கேரியரைக் கழற்றினாள். டிக்கியில் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கினாள். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதித்தாள். அடுத்த வாரமும் அதே பதினான்கு.

மெக்கானிக் ஜுமாஷ் தலையைச் சொறிந்தான். “அக்கா, வண்டில கோளாறே இல்ல. எங்கயோ நின்ன இடத்துலயே என்ஜின் ஓடுது.”

புருல்சாவுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக அக்கில்பெக் விடியுமுன் எழுந்து போகிறான். அவளுடைய கம்பளிச் சால்வையையும் காணோம்.

மறுநாள் விடியலில் பின்னாலேயே போனாள். ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கார் உறுமிக்கொண்டு நின்றது. ஆவி படிந்த கண்ணாடி வழியே, கணவன் மடியில் அவள் சால்வையைப் போர்த்திய தலை ஒன்று தெரிந்தது.

“எவ இவ?” கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தாள்.

“ம்மே!” என்றது சால்வை. பின்சீட்டில் ஈரம் காயாத குட்டிகள் இன்னும் மூன்று.

“தினம் ஒண்ணு ரெண்டு ஆடு ஈனுது, புருல்சா. கொட்டகையில விட்டா விறைச்சுப் போயிடும். ஹீட்டர் போடறேன்னு சொன்னா நீ சாவியைப் பிடுங்கிடுவேன்னு...”

புருல்சா பின்சீட்டில் ஏறி ஒரு குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

“பேச்சு அப்புறம். முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க! பெட்ரோல் எரிச்ச சூடெல்லாம் வீணாப் போகுது.”