இரண்டாவது மாத்திரை

"இந்த மாத்திரை கேக்கலன்னா வேற குடுங்க டாக்டரம்மா. எங்கக்காவ வெறுங்கையா மட்டும் அனுப்பாதீங்க" என்றாள் கெங்கம்மாள்.

பக்கத்தில் சொர்ணம் முந்தானையால் பாதி முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் அரும்பியிருந்த ரோமத்தை யார் முன்னாலும் காட்ட அவளுக்கு வெட்கம். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கும் நினைத்தபோதுதான் வரும். புருஷன் வேம்புலியைச் சோதித்தாயிற்று, அவனிடம் குறையில்லை.

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் கிளினிக்குக்கு இருவரும் நடந்தே வருவார்கள். வாய் திறப்பவள் எப்போதும் சின்னவள்தான். எஸ்டேட்டில் பல்பு கம்பெனியில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முடிந்த களைப்பிலும் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். டாக்டர் சுசீலாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

"கருப்பை நல்லாத்தான் இருக்கு. சினைப்பையிலதான் சின்னச் சின்ன நீர்க்கட்டி. முட்டை முழுசா முதிர்றதில்ல. அதை முதிர வைக்கத்தான் இந்த மாத்திரை. சிலருக்கு இது ஒண்ணே போதும். உங்கக்காவுக்குப் போதல" என்றாள் சுசீலா.

"அப்போ இன்னா செய்யலாம்?"

சுசீலா யோசித்தாள். அந்த மாத்திரையே பட்டணத்துக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பதைப் பற்றி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளில் படித்திருந்தாள். தன் கையால் யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லை.

"உடம்புல ஆம்பளைங்களுக்கான சுரப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கு. அதை அடக்க ராத்திரியில போட இன்னொரு சின்ன மாத்திரை தரேன். ரெண்டும் சேர்ந்தா பலிக்கலாம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன். தினம் காலையில, படுக்கையை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வாயில தர்மாமீட்டர் வெச்சுச் சூடு பாக்கணும். முட்டை வெளிய வந்தா சூடு லேசா ஏறும்."

சொர்ணம் அன்றைக்கு முதல்முறையாகப் பேசினாள். "எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாதே."

"நீ உதறாம அப்பிடியே மடியில வெச்சிகினு குழாயடிக்கு வா. நான் பாத்துச் சொல்றேன்" என்ற கெங்கம்மாள், டாக்டர் பக்கம் திரும்பினாள். "சீக்கிரம் ஆவுமா டாக்டரம்மா? தையில கல்யாணம் வெச்சிகினு கீறாங்க."

"யாருக்கு?"

"இதோட ஊட்டுக்காரருக்குத்தான். இதோட மாமியா வேற பொண்ணு பாத்து வெத்தல பாக்கு மாத்திட்டாங்க. ஆவணியில வெச்சது, தைக்குப் போயிருக்கு. அதுக்குள்ள இது முழுகாம இருந்தா கல்யாணம் நின்னுடும்."

சுசீலாவுக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. "ஒருத்தி குடும்பத்தைக் கெடுக்க இன்னொருத்தி ஒத்துக்கிட்டாளா? மனசாட்சி இல்லாத பொண்ணா இருக்காளே!"

சொர்ணம் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கெங்கம்மாள் அவள் கையை அழுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அவள யாரு கேட்டா டாக்டரம்மா? நீங்க மாத்திரைய எழுதுங்க."

முதல் மாதம் சூடு ஏறவில்லை. அடுத்த மாதமும் இல்லை. சொர்ணம் மனசு விட்டுப்போய், இனி வரமாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். கெங்கம்மாள் விடவில்லை. அவளைக் கையோடு இழுத்து வந்தாள். சுசீலா முதல் மாத்திரையின் அளவைக் கூட்டினாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், தொப்பலாக நனைந்தபடி கெங்கம்மாள் கிளினிக்குக்குள் ஓடி வந்தாள். "ஏறிக்கிச்சு டாக்டரம்மா! நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன். இறங்கவே இல்ல!"

சுசீலாவுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. டாக்டர் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ஏறிய சூடு இறங்கவில்லை. விலக்கும் வரவில்லை. மார்கழி பாதியில் சோதித்துப் பார்த்த சுசீலா, கையைக் கழுவிக்கொண்டே, "கரு நின்னிருக்கு சொர்ணம். நல்லா நின்னிருக்கு" என்றாள்.

சொர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கெங்கம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத. உங்க மாமியா இனி வாயத் தொறக்கட்டும் பாக்கலாம்!"

பார்த்துக்கொண்டு நின்ற சுசீலாவுக்கும் கண் கலங்கியது.

"ரெண்டு மாத்திரைக்கும் மேல இவதான் உனக்கு மருந்து சொர்ணம். கூடப் பொறந்தவள்னா இப்படி இருக்கணும்."

சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எங்கூடப் பொறந்தது இல்ல டாக்டரம்மா. எங்க மாமியா பாத்து வெச்ச பொண்ணே இதுதான்."

சுசீலா திகைத்துப்போனாள். "இஷ்டமில்லைன்னா அப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா அடுத்த முகூர்த்தத்துலயே வேற எவளையாச்சும் கட்டி வெச்சிருப்பாங்க" என்றாள் கெங்கம்மாள். "அதான் சரின்னு சொல்லிட்டு, சாக்கு மேல சாக்கு சொல்லி நாளைத் தள்ளிக்கினே வந்தேன்."